குழந்தையின் தொண்டையில் ஒரு மடை

சென்ற கோடை விடுமுறையில், மரக்காணத்துக்கு அருகே உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஒரு பகல் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. நண்பர் ஒருவரின் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணிதான். வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண், அவளுடைய ஆயா, பிறந்து மூன்று மாதமான தம்பிப் பாப்பா. தாயும் தகப்பனும் விடியும் முன்பே உப்பளத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தம் கால்களின் மேல் மல்லாக்கப் போட்டுக் குளிப்பாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு நேர்த்தி. குளித்து முடிந்ததும் இரண்டு மூக்குத் துளைகளிலும் இரண்டிரண்டு சொட்டு எண்ணெய். அதன் பிறகு பாலாடையில் உரைமருந்து. குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. ஆயா அதன் மூக்கைப் பிடித்தார். வேறு வழியின்றி வாய் திறந்தது; மருந்து உள்ளே போயிற்று. ஒரு கணம் குழந்தைக்கு மூச்சே இல்லை. முகம் சிவந்து, பிறகு வீறிட்டு அழுதது.

“பாத்தியா, ஒரு சொட்டு வீணாவாம குடிச்சிட்டான்” என்றார் ஆயா.

அந்தப் பெண் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: “சார், நாம தண்ணி குடிக்கிறப்ப மூச்சு விட முடியாது. ஆனா கைக்குழந்தை பால் குடிச்சிக்கிட்டே மூச்சு விடும்னு ஒரு புத்தகத்துல படிச்சேன். அப்ப தம்பிக்கு மட்டும் ஏன் மூச்சு நின்னுச்சு?”

நல்ல கேள்வி. அவளுக்கு அங்கேயே தெரிந்தவரை பதில் சொன்னேன். ஆனால் ஆயாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். விருந்துக்குப் போன இடத்தில் வயதில் மூத்தவருக்குப் புத்தி சொல்வதாவது என்ற கூச்சம். அந்தக் கூச்சம் தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் கைதான்.

முதலில் உப்பளத்துக்குப் போவோம். மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர். காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரையும் வரப்புகளில் குவித்த உப்பையும் பார்த்திருப்பீர்கள். அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது மடையை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. அது வெயிலில் காய்ந்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி, போமே அளவையில் சுமார் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்புப் படிகிறது. இளநீரும் முதிர்ந்த நீரும் கலந்துவிடக் கூடாது. எனவே தொழிலாளி ஒரு மடையை வெட்டித் திறக்கும்போது இன்னொன்றைச் சேறு வைத்து அடைக்கிறார். திறப்பதும் அடைப்பதும் முறை மாறினால் பல நாள் உழைப்பு பாழ்.

நம் தொண்டையும் அப்படி இரண்டு வாய்க்கால்கள் கூடுகிற இடம். மூக்கின் பின்வழி மேலே இருக்கிறது. வாய் அதற்குக் கீழே, முன்புறத்தில். ஆனால் அவை போய்ச் சேரும் குழாய்களோ இடம் மாறிக் கிடக்கின்றன. காற்று போகும் சுவாசக் குழாய் முன்னே. உணவுக் குழாய் அதன் பின்னே. ஆகவே காற்றின் பாதையும் சோற்றின் பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒரு பொறியாளர் இப்படி வரைந்து கொண்டுவந்தால் மேலதிகாரி கிழித்துப் போட்டுவிடுவார். 1859-ல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலில் டார்வினும் இந்த விசித்திரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தக் குறுக்குச் சந்தியில் மடை திறந்து மூடுவது எப்படி? உங்கள் கழுத்தின் முன்புறம் விரலை மெதுவாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். கெட்டியான ஒன்று மேலே ஏறி இறங்குகிறதல்லவா? அதுதான் குரல்வளை, சுவாசக் குழாயின் மேல்வாசல். விழுங்கும் கணத்தில் அது மேலும் முன்னுமாக நகர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. இலை போன்ற குரல்வளை மூடி அதன் மேல் சாய்கிறது. உள்ளே குரல்நாண்கள் நெருங்கி அடைத்துக்கொள்கின்றன. மூச்சு நிற்கிறது. கவளம் பின்புறமாக வழுக்கி உணவுக் குழாய்க்குள் இறங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும் வேலை. தூங்கும்போதுகூட எச்சிலை நாம் இப்படித்தான் விழுங்குகிறோம்.

இனி பச்சைக் குழந்தையைப் பார்ப்போம். அதன் தொண்டை நம் தொண்டையின் சிறிய நகல் அல்ல, அமைப்பே வேறு. கழுத்தில் உள்ள 7 முதுகெலும்புகளை மேலிருந்து எண்ணினால், பிறந்த குழந்தையின் குரல்வளை ஏறக்குறைய மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நேராக இருக்கிறது. பெரியவர்களிடம் அது ஐந்தாவது, ஆறாவது எலும்புகள் வரை இறங்கிவிடுகிறது. குழந்தையின் குரல்வளை அவ்வளவு உயரத்தில் இருப்பதால், அதன் மூடியின் நுனி மேலே ஏறி, வாயின் மேற்கூரையில் பின்புறம் தொங்கும் மெல்லண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூக்கிலிருந்து சுவாசக் குழாய்க்கு நேராக ஒரு குழாய் போட்டது போன்ற ஏற்பாடு. வாய்க்குள்ளோ நாக்கு இடமே இல்லாமல் நிரம்பியிருக்கிறது. கன்னங்களின் உட்புறம் கொழுப்பு மெத்தைகள். பாலை உறிஞ்சிப் பின்னால் தள்ளுவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. வாயிலிருந்து வரும் பால், எழும்பி நிற்கும் குரல்வளையின் இரு பக்கங்களிலும் வழிந்து உணவுக் குழாயை அடைகிறது.

பாலூட்டும் பிராணிகள் பலவற்றிலும் இத்தகைய அமைப்பைக் காணலாம். ஓங்கில் என்று நம் மீனவர்கள் சொல்லும் டால்பினிடம் இது உச்சத்தை எட்டியிருக்கிறது. அதன் குரல்வளை வாத்தின் அலகைப் போல் நீண்டு மூக்குப் பாதைக்குள் செருகி நிற்கிறது. காற்றுக்கு ஒரு வழி, மீனுக்கு வேறு வழி. மனிதக் குழந்தையிடமோ இந்த ஏற்பாடு நிலைப்பதில்லை. நான்கைந்து மாதங்களிலிருந்து குரல்வளை மெல்லக் கீழே இறங்கத் தொடங்குகிறது. தொண்டையில் இடம் அகல்கிறது. நாக்குக்குப் பின்னே அசையவும் மாறவும் வசதி பிறக்கிறது. நம் பேச்சில் இத்தனை உயிரொலிகள் தெளிவாக வருவதற்கு அந்த இடவசதி உதவுகிறது. பேசுவதற்காகவே குரல்வளை இறங்கியது என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் சிவப்பு மானின் ஆணுக்கும் குரல்வளை தாழ்ந்தே இருக்கிறது என்று 2001-ல் காட்டப்பட்டது. மான் பேசுவதில்லை! எனவே அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது அந்தப் பெண் படித்த புத்தகத்துக்கு வருவோம். மூக்கும் சுவாசக் குழாயும் நேராக இணைந்திருப்பதைக் கண்ட உடற்கூறு அறிஞர்கள், ‘அப்படியானால் குழந்தை ஒரே நேரத்தில் மூச்சும் விடலாம், விழுங்கவும் செய்யலாம்’ என்று முடிவு கட்டினார்கள். பார்ப்பதற்கும் அப்படித்தான் தோன்றும். நாம் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தால் இடையில் நிறுத்தி மூச்சு வாங்குகிறோம். கைக்குழந்தையோ மார்பை விடாமல் குடித்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு வழியே மூச்சும் ஓடுகிறது. கேட்க அழகான முடிவு. எத்தனையோ பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது.

ஆனால் இறந்த உடலை அறுத்துப் பார்த்து அமைப்பைச் சொல்லலாம். உயிருள்ள குழந்தை என்ன செய்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். 1981-ல் அமெரிக்காவில் வில்சன், தாக் முதலியோர் அதை அளந்து வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூக்கு வழியே ஓடும் காற்றையும் தொண்டையின் அழுத்தத்தையும் ஒருங்கே பதிவு செய்தார்கள். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் காற்றோட்டம் அறுபட்டது; சுமார் அரை விநாடி. குழந்தைக்கும் விழுங்கும்போது மூச்சு நிற்கிறது, நமக்கு நிற்பதைப் போலவே. அது மிக வேகமாக மாற்றி மாற்றிச் செய்வதால் இரண்டும் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. சினிமாவில் தனித்தனிப் படங்கள் ஓடி ஒரே அசைவாகத் தெரிகிறதே, அந்த மாதிரி.

நான் இந்தப் பழைய தவறை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை மூச்சு விட்டுக்கொண்டே விழுங்கும் என்று நம்புகிறவர், அதன் வாயில் எந்த வேகத்தில் ஊற்றினாலும் ஆபத்தில்லை என்றுதான் நினைப்பார்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பசியோடு பாலுண்ணும் குழந்தை விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை உறிஞ்சுகிறது. பால் நன்றாகச் சுரக்கும்போது ஒவ்வோர் உறிஞ்சலுக்கும் ஒரு விழுங்கல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 விழுங்கல். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி அடைப்பு. அந்த வேகத்திலேயே நிமிடம் முழுவதும் குடித்தால் 30 விநாடி மூச்சு வழி மூடியே இருக்கும்! நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விட வேண்டிய சின்னஞ்சிறு உயிர் அதற்கு என்ன செய்கிறது? நிறுத்துகிறது. சிறிது நேரம் விடாமல் குடித்த பிறகு வாயில் காம்பு இருக்கும்போதே குடிப்பதை விட்டு, வேகமாக நாலைந்து மூச்சு வாங்குகிறது. பிறகு மீண்டும் தொடங்குகிறது. இந்த ஒழுங்கு, தாயின் வயிற்றில் சுமார் 34 வாரம் வளர்ந்த பின்னரே கைவருகிறது. அதற்கு முன் பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனையில் மெல்லிய குழாய் வழியே பால் செலுத்துவது இதனால்தான்.

அந்த நிறுத்தத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? ‘தூங்கிட்டான்’ என்று உள்ளங்காலைச் சுண்டுகிறோம். ‘அடம் பிடிக்கிறான்’ என்று பாலாடையை இன்னும் சாய்க்கிறோம். அது மூச்சு வாங்கும் நேரத்தில் வாய்க்குள் திரவம் வந்து விழுகிறது. என் கருத்தில் எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று குழந்தையின் தொண்டைக்குத் தெரியும். மேலேயிருந்து ஊற்றுகிறவருக்குத் தெரியாது.

மூக்கைப் பிடித்து ஊற்றுவது இதிலும் கொடியது. பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கினால்தான் சுவாசிக்கிறது. மூக்கின் பின்வாசல் இரண்டும் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. அமைதியாக இருக்கையில் அவர்கள் நீலம் பாரிப்பார்கள். அழும்போது வாய் திறந்து காற்று புகுவதால் நிறம் திரும்பும். மூக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த மூக்கைப் பிடித்தால் வாய் திறப்பது மருந்துக்காக அல்ல, காற்றுக்காக. காற்றை இழுக்கத் திறந்த வாயில் மருந்தை ஊற்றினால் அது எந்தக் குழாயை நோக்கிப் போகும்?

“தப்பான வழியில போனா இருமுமே, புரை ஏறுமே” என்று ஆயாக்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். இங்கேதான் மரக்காணத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்தமான ஒரு செய்தி இருக்கிறது. குரல்வளையின் வாசலில் சுவை பார்க்கும் காவலர்கள் போன்ற நரம்பு முனைகள் உள்ளன. அவை உப்பிலுள்ள குளோரைடைப் பார்க்கின்றன. பிறக்கு முன் குழந்தையின் நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும். அந்த நீரில் குளோரைடு மிகுதி. குரல்வளைக்கு அது பழகிய நீர். குளோரைடு குறைந்த சாதாரணத் தண்ணீர் பட்டாலோ காவலர்கள் அபாய மணி அடிக்கிறார்கள். பெரியவர்களானால் உடனே இருமுவோம். பச்சைக் குழந்தையோ இருமுவதற்குப் பதில் பெரும்பாலும் மூச்சை நிறுத்திவிடுகிறது, அடுத்தடுத்து விழுங்குகிறது, இதயத் துடிப்பும் சற்று மந்தமாகிறது. 0.9 சதவீத உப்புக் கரைசல் பட்டால் இந்த எதிர்வினை மிகக் குறைவு. இருமல் வலுப்பெறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. ஆகவே குழந்தை இருமவில்லை என்பது, சரியான வழியில் போயிற்று என்பதற்குச் சான்று ஆகாது. அன்று நான் பார்த்த அந்த ஒரு கண மௌனம் இருமலைவிட மோசமானது.

எண்ணெய் இன்னும் சத்தம் போடாத ஆசாமி. வழவழப்பாக இருப்பதால் அது பட்டாலும் தொண்டைக்கு உறுத்துவதில்லை; இருமலைத் தூண்டாமலே கீழே இறங்கிவிடுகிறது. சுவாசக் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் துப்புரவுப் பணியாளர்கள். எண்ணெயை அவற்றால் சரியாகத் தள்ள முடிவதில்லை. காற்றறைகளை அடைந்த எண்ணெய் அங்கே தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. மூக்கில் எண்ணெய் விட்டதன் பின் வந்த இத்தகைய நிமோனியாவை 1925-லேயே லாக்லன் என்ற நோயியல் அறிஞர் விவரித்துவிட்டார். நெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததை நம் நாட்டு மருத்துவர்களும் பலமுறை எழுதியிருக்கிறார்கள். ஒரே நாளில் தெரிவதில்லை என்பதால், இருமலுக்கும் எண்ணெய்க்கும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. சளி பிடித்துவிட்டது என்று மறுபடியும் நாலு சொட்டு விடுகிறார்கள்.

அளவையும் மறந்துவிடக் கூடாது. பிறந்த குழந்தையின் சுவாசக் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்; விட்டம் 4 அல்லது 5 மி.மீ. கணக்குக்கு 4 மி.மீ. என்று கொள்ளுங்கள். உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் காற்று போகும் இடம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சீராக ஓடும் காற்றுக்குத் தடையோ 16 மடங்கு கூடுகிறது. உங்களுக்கும் எனக்கும் அதே 1 மி.மீ. வீக்கம் தொண்டை கம்முவதோடு போய்விடும்.

மூக்கு அடைத்திருந்தால் குழந்தை பால் குடிக்கத் திணறும் என்பது உண்மை. அதற்கு வழியில்லையா? இருக்கிறது. செவிலியரோ மருத்துவரோ சொல்லும் 0.9 சதவீத உப்புக் கரைசல் சொட்டு மருந்துதான் அது. நம் இரத்தத்தின் உவர்ப்புக்கு ஒத்த அளவு. லிட்டருக்கு 9 கிராம். கிருமி நீக்கிச் சிறு குப்பிகளில் விற்கிறார்கள். உப்பளத்துப் பிள்ளைகள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உப்புதானே என்று கடல்நீரையோ பாத்தி நீரையோ வீட்டில் கரைத்ததையோ எடுத்துவிடாதீர்கள். கடல்நீரின் உவர்ப்பே அதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பாத்தி நீரின் உவர்ப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு படித்த பிறகு, ஆயாவின் பாலாடையைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட வேண்டும் என்று யாராவது கிளம்பிவிடப் போகிறீர்கள். அது அநியாயம். பாலாடை மிக நல்ல கருவி. தாயிடம் நேராகக் குடிக்க முடியாத, எடை குறைந்த குழந்தைகளுக்குக் கறந்தெடுத்த தாய்ப்பாலை பாலாடையாலோ கிண்ணம், கரண்டியாலோ புகட்டச் சொல்லி நம் அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக் கையேடுகளே கூறுகின்றன. யாரோ ஒரு கன்னானும் யாரோ ஒரு கிழவியும் சேர்ந்து எந்தக் காலத்திலோ செய்த பொருள் இன்று மருத்துவமனை அலமாரியில் இருக்கிறது. பால் புட்டியைவிட அதைக் கழுவுவதும் கொதிக்கவைப்பதும் எளிது. புட்டிக்கும் புட்டிப் பாலுக்கும் விளம்பரம் செய்யவே கூடாதென்று 1992-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. பாலாடைக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை.

எல்லாம் அதைப் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. கைதேர்ந்த பாட்டிமாரைக் கவனியுங்கள். குழந்தையைப் படுக்க வைக்காமல், தலையையும் கழுத்தையும் தாங்கி, சாய்ந்து உட்கார்ந்த நிலையில் மடியில் வைப்பார்கள். குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொட்டு, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்ப்பார்கள். குழந்தை நாக்கை நீட்டி அதைத் தானே இழுத்துக்கொள்ளும். விழுங்குகிற வரை காத்திருப்பார்கள். வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பினாலோ பாலாடையை எடுத்துவிடுவார்கள். முடிந்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டுவார்கள். அந்தப் பாட்டிக்குக் குரல்வளை எத்தனையாவது எலும்புக்கு நேரே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதே கருவியை அவசரமான கையில், அழுகிற குழந்தையின் வாயில், மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்த்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது.

உள்ளே என்ன போகிறது என்பதும் ஒரு கேள்வி. பிறந்தவுடன் சேனை தொட்டுவைக்கும் தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பும் மாசிக்காயும் இழைத்த உரைமருந்து எல்லாவற்றையும் பற்றித் தனியாக எழுதலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருத்துவர் எழுதித் தரும் மருந்து மட்டும் விலக்கு. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நம்மவர்கள் பெயர் வைத்தது அன்பினால்தான். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை.

“உங்கப்பனையும் உன்னையும் இப்படித்தானே வளர்த்தேன், எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?” என்று ஆயா கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது பாதிக் கணக்கு. வளர்ந்தவர்கள் மட்டுமே அதற்குச் சாட்சி சொல்ல வர முடியும். 1971-ல் இந்தியாவில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 129 பேர் ஓராண்டு நிறையு முன்பே இறந்தார்கள். 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. அன்று இறந்தவர்கள் எல்லாரும் எண்ணெயாலும் பாலாடையாலும் இறந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அறிவியல் ஆகாது. வயிற்றுப்போக்கும் தொற்று நோய்களும் குறைப்பிரசவமும் கொண்டுபோனவர்களே ஏராளம். ஆனால் நிமோனியா என்று எழுதப்பட்டவற்றில் எத்தனைக்கு ஒரு சொட்டு எண்ணெய் காரணம் என்று எந்த ஏட்டிலும் பதிவாகியிருக்காது. ஆயாவின் கணக்கில் அந்தப் பிள்ளைகள் வரவில்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது? ‘நீ தப்பு செய்கிறாய்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “ஆயா, தம்பிக்கு நான் குடுக்கறேன், நீ பக்கத்துல இருந்து பாரு” என்று பாலாடையைக் கேட்டு வாங்கலாம். “மூக்குல எண்ணெய் வேணாம்னு நர்ஸம்மா சொன்னாங்களே, ஒடம்புல மட்டும் தேச்சுடு” என்று சொல்லிப் பார்க்கலாம். உடம்பில் எண்ணெய் தேய்ப்பதை யாரும் தடுக்கவில்லை. கிராமத்துக்கு வரும் செவிலியரைக் கூட்டிவந்து அவர் வாயால் சொல்ல வைப்பது இன்னும் நல்லது. பேரன் பேத்தி சொன்னால் கேட்காதவர்கள் வெள்ளைப் புடவைக்குக் கேட்பார்கள். எது எப்படியானாலும் மூக்கைப் பிடித்து ஊற்றும் அந்த ஒன்றை மட்டும், சண்டை வந்தாலும் சரி, தடுத்துவிடுங்கள். ஊற்றியதன் பின் குழந்தை நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ யோசிக்க நேரமில்லை, 108-க்குப் பேசுங்கள்.

அன்று நடுப்பகலில் அந்தக் குழந்தையின் தாய் உப்பளத்திலிருந்து திரும்பினார். கையிலும் காலிலும் படிந்திருந்த உப்பைக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பெண்ணும் கூடப் போனாள். நான் திண்ணையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். எங்கள் ஏற்பாட்டின்படி, தம்பி விழுங்கும் ‘க்ளுக்’ சத்தத்தை உள்ளேயிருந்து அவள் உரக்க எண்ண வேண்டும்; நான் நேரம் குறிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் முப்பத்தாறு வரை நிற்காமல் எண்ணினாள். பிறகு சத்தமில்லை.

“தூங்கிட்டானா பாரு, காலைச் சுண்டு” என்றார் ஆயா, வாசலிலிருந்து.

“இல்ல ஆயா, மூச்சு வாங்கறான். இரு” என்றாள் அவள்.

நான் குறித்த இடைவெளி 7 விநாடி. அடுத்த ஓட்டத்தில் இருபத்திரண்டு. அதன்பின் இன்னும் நீளமான ஓர் இடைவெளி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், அதன் தாயிடம் அனுமதி கேட்டு, குழந்தையைத் தொடாமல், நீங்களும் இப்படி எண்ணிக் குறித்துப் பாருங்கள். பிறந்து எத்தனை வாரம் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் மீண்டும் எண்ணினால் கணக்கு மாறியிருக்கும்.